ஜானவாசக் கார்: அடையாளம் காண்பதில் உள்ள சிக்கல்கள் குறித்து ஓர் ஆய்வு

பழைய புகைப்படத்தில் நிற்கும் மோட்டார் கார் எந்தக் கம்பெனியுடையது, எந்த வருஷத்து மாடல் என்று நிறுவும் கலைக்குக் கல்வெட்டு ஆய்வுக்கு உள்ள மரியாதை இன்னும் வரவில்லை. உழைப்போ இதில்தான் அதிகம். கல்வெட்டில் எழுத்து தேய்ந்திருக்கும். மைப்படி எடுத்துப் படித்துவிடலாம். படத்தில் எழுத்து இருக்கிற இடத்தில் ஒரு பெரியப்பா நின்றுகொண்டிருப்பார். அவரை நகர்த்த வழியில்லை.

இதையே துறையின் முதல் விதியாகக் கொள்க: வண்டியின் எந்த உறுப்பு அதன் குலம் கோத்திரத்தைச் சொல்லுமோ, அதை மறைத்துக்கொண்டுதான் குடும்பத்தின் மூத்தவர் போஸ் கொடுப்பார். உதாரணம், 1949 பியூக். அந்த வருஷம் முன் மட்கார்டின் பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள் வைத்தார்கள். ரோட்மாஸ்டர் என்ற உயர்ந்த ரகத்துக்குப் பக்கத்துக்கு நான்கு, அதற்கு ஒரு படி கீழே இருந்த சூப்பருக்கு மூன்று. நம்மிடம் உள்ள ஒரு படத்தில் மூன்று ஓட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. நான்காவது இருந்திருக்கக்கூடிய இடத்தில் சித்தப்பா முழங்கையை ஊன்றியிருக்கிறார். முழங்கைக்கு அடியில் உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. நிரூபிக்க முடியாததால் இரண்டு கட்சியும் திடமாக இருக்கின்றன.

மூத்தவர்கள் கருணை கூர்ந்து விலகி நிற்கும் படங்களில் காலக்கணிப்பு சாத்தியமே. ஹெட்லைட் தனியாக எழுந்து நின்றால் பெரும்பாலும் யுத்தத்துக்கு முந்தைய மாடல். மட்கார்டுக்குள் புதைந்துவிட்டால் பிந்தையது. இரண்டு கதவுக்கும் நடுவே தூணிலிருந்து திரும்பும் திசை காட்டும் சின்னக் கை ஒன்று நீண்டால் அநேகமாக இங்கிலாந்து வண்டி. மாரிஸ் மைனரில் அந்தக் கை 1961 வரை நீண்டது. மட்கார்டு விளிம்பில் வெள்ளைப் பெயின்டும் ஹெட்லைட்டுக்கு முகமூடியும் இருந்தால் 1939க்கும் 1945க்கும் இடைப்பட்ட இருட்டடிப்புக் காலம். பின்னால் கரிவாயு அடுப்பும் தொங்கினால் சந்தேகமே வேண்டாம், பெட்ரோலுக்கு ரேஷன்.

அம்பாசடர் மட்டும் எந்த முறைக்கும் கட்டுப்படாது. 1950களின் பிற்பகுதியில் உத்தரபாராவில் பிறந்து, 2014 வரை ஏறக்குறைய அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. அதன் காலத்தைப் பக்கத்தில் நிற்பவரின் கிருதாவை அளந்தே கணிக்க வேண்டும்.

ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால் உடனே ‘ஃபாரின் இறக்குமதி’ என்று துள்ளக் கூடாது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கலாம். இங்கே முந்தானைச் சோதனை உதவும். முந்தானை இடத் தோளில் விழுந்தால் படம் நேர். வலத் தோளில் விழுந்தால் இடவலம் மாறிய படம். ஆனால் மடிசார் வந்துவிட்டால் சோதனை தடுமாறும். ஐயர் வீட்டில் முந்தானை வலத் தோள், ஐயங்கார் வீட்டில் இடத் தோள். ஆக, காரின் பிறப்பிடத்தை முடிவு செய்வதற்குமுன் மாமியின் சம்பிரதாயத்தை முடிவு செய்தாக வேண்டும். மாமாவின் சட்டைப் பாக்கெட்டைச் சாட்சிக்கு அழைக்கலாம். அவர் பெரும்பாலும் சட்டை போட்டிருக்க மாட்டார்.

நம்பர் பிளேட் இருக்கிறதே என்பார்கள். சென்னையில் ஆரம்ப கால வண்டிகளுக்கு எம்.சி. என்று எண் கொடுத்தார்கள். அந்த ஊர் இந்தியர்களில் முதலில் கார் வாங்கியவராகச் சொல்லப்படும் கட்டட கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியாரின் வண்டி எம்.சி. 3. அப்படி ஒரு பிளேட் கண்ணில் பட்டால் ஆய்வாளர் அன்றே ஓய்வு பெற்றுவிடலாம். ஆனால் வீட்டு ஆல்பங்களில் அதிகம் அகப்படுவது ஜானவாசக் கார். அதன் நம்பர் பிளேட்டைப் பார்த்தவர் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கோயிலிலிருந்து சத்திரம் வரை, கோட்டு சூட்டு மாட்டிய மாப்பிள்ளை திறந்த காரில் வருகிறார். கிரில்லில் ரோஜா மாலை. பம்பரை மூடிச் சாமந்திச் சரம். பானெட்டின் நுனியில் பூவால் செய்த கிளி. பின் சீட்டிலும் மட்கார்டிலும் மாப்பிள்ளையின் மடியிலும் இரு வீட்டுக் குழந்தைகள் அத்தனை பேரும். முன்னால் நாதஸ்வரக்காரர்கள், பக்கத்தில் காஸ்லைட் சுமப்பவர்கள். ஃப்ளாஷ் பட்ட இடமெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். மிஞ்சுவது ஸ்டியரிங்கில் கால்வட்டமும் டிரைவரின் ஒரு காதும்தான். அந்தக் காதை வைத்து மாடலைச் சொல்லிவிடும் தாய்மாமன்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அது வாடகைக் கார். ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். தை மாதத்து முகூர்த்தங்களில் ஒரே வண்டி பல வீட்டு ஆல்பத்தில் ஏறி, எல்லா வீட்டிலும் ‘நம்ம தாத்தா கார்’ ஆகிவிடுகிறது. இதற்குமேல் ஏற்ற விதி ஒன்று வேலை செய்கிறது. பிள்ளை சொல்லும்போது ஆஸ்டின். பேரன் சொல்லும்போது பியூக். கொள்ளுப்பேரன் வாட்ஸ்அப்பில் போடும்போது ரோல்ஸ் ராய்ஸ். பூக்கிளியைப் பெரிதாக்கிப் பார்த்து, 1911 முதல் ரோல்ஸ் ராய்ஸின் மூக்கில் நிற்கும் இறக்கை விரித்த பெண் அதுதான் என்று அவன் நிறுவியும் விடுவான்.

எழுத்துச் சான்று வேண்டுவோர் பெண் வீட்டாரின் கல்யாணக் கணக்கு நோட்டைத்தான் நாட வேண்டும். ஜானவாசச் செலவு பெரும்பாலும் அவர்கள் தலையில். நோட்டில் ‘பிளஷர் வாடகை, பெட்ரோல் தனி’ என்றிருக்கும். அடுத்த வரியில் ‘டிரைவருக்கு வேஷ்டி’. கம்பெனிப் பெயர் இராது. இதைக் காட்டினால் மாப்பிள்ளை வீட்டார், பெட்ரோலைத் தனியாகக் கேட்கிறான் என்றாலே அது குடிக்கிற வண்டி, ஆகவே எட்டு சிலிண்டர் பியூக்தான் என்பார்கள். பெண் வீட்டாருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அந்தப் பெட்ரோலுக்கு யார் பணம் கொடுத்தது என்பதில்தான் தகராறு.