மென்டர் நோட்டு இலக்கியம்: ஓர் அறிமுக ஆய்வு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் கட்டுக்கட்டாகப் படைக்கப்பட்டும், இன்றுவரை எந்தத் திறனாய்வாளர் கண்ணிலும் படாத இலக்கிய வகை ஒன்று உண்டு. அதுதான் மென்டர் நோட்டு. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரை மென்டராக்கி ஒப்படைப்பது கல்லூரி வழக்கம். அவரைச் சந்தித்த நாள், பிரச்சினை, தீர்வு, இருவர் கையெழுத்து ஆகியன இந்நோட்டில் பதிவாகும். இதன் பாயிரம், ஆசிரியர், காலம் ஆகியவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பாயிரம் என்பது முதலாண்டுத் தொடக்க விழா. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த திட்டப்படி இது மூன்று வார அறிமுகப் பயிற்சி. யோகா, விளையாட்டு, கலை, மனித விழுமியங்கள், ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019-இல் ‘தீக்ஷாரம்ப்’ என்று ஒன்றைத் தந்தது. ஆனால் நினைவில் நிற்பதென்னவோ முதல் நாள் மட்டும்தான். தாளாளர் மைக்கைப் பிடித்து, “இனிமேல் இவங்க எங்க பிள்ளைங்க” என்பார். மறுத்து எழுந்த பெற்றோர் உண்டென்பதற்குச் சான்றில்லை. சந்தேகம் கேட்கலாம் என்றதும் எழுபவர் எப்போதும் யாரோ ஓர் அப்பா. காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு வரும், பிளேஸ்மென்ட் எப்படி என்பன அவர் கேள்விகள். பக்கத்தில் பையன், “உட்காருங்கப்பா, மானம் போகுது” என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். அட்டெண்டன்ஸ் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும், அரியர் விழுந்தால் எப்போது எழுதலாம் என்று அவன் கேட்க வேண்டியவை அந்த இழுபறியில் போய்விடும்.

ஆசிரியர் இலக்கணத்துக்கு நன்னூலை விட்டால் வேறு நாதியில்லை. பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை காட்டினார். மாணாக்கருக்கு அன்னம் முதல் ஓட்டைக் குடம், எருமை, நெய்யரி வரை எட்டு. மாணாக்கர் பட்டியல் இன்றும் அப்படியே செல்லும். மென்டர் விஷயத்தில்தான் சிக்கல். வகுப்பு, லேப், பேப்பர் திருத்தம், அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பது, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் (NAAC) குழுவுக்கு ஃபைல் தயாரிப்பது என்று அலையும் ஒருவரை முனிவர் கண்டதில்லை. நிலத்தின் பொறுமை மட்டும் இந்த மென்டருக்குப் பொருந்தும்.

இனி காலம். ஒரு கல்லூரியின் நோட்டைப் புரட்டினால், ஜூலை முதல் நவம்பர் வரையிலான பதிவுகள் ஏறக்குறைய அனைத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. தீபாவளியன்றும் ஆலோசனை நடந்திருக்கிறது. ஆகவே இவை நாக் வருகைக்கு முந்தைய இரவில், கிளாஸ் ரெப் ஒருவரால் இயற்றப்பட்டவை என்பது அகச்சான்றால் தெளிவு. நடையும் அதற்கு இசைவே. பிரச்சினை: இல்லை. தீர்வு: நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது. இல்லாத பிரச்சினைக்குத் தீர்வு எப்படி என்று ஐயுறுவோர் உண்டு. வருமுன் காத்தல் என்று அமைதி கூறுவாரும் உளர்.

அதே நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்து வேறு. பிரச்சினை: மேத்ஸ் சுத்தமா புரியல சார். தீர்வு: செவ்வாய் மாலை 4.15, டிபார்ட்மென்ட்டுக்கு வா. அடுத்த வாரமும் அதே கிறுக்கல். இன்டெக்ரேஷன் ஓகே, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் இன்னும் இல்லை. நடை ஒவ்வாமையால் இது இடைச்செருகல் என்று ஒதுக்கத் தோன்றும். எம் துணிபு வேறு. நோட்டு முழுவதிலும் மூலபாடம் இந்த ஒரு பக்கமே, மற்றவையே இடைச்செருகல்.

இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. உங்கள் மென்டர் யார், எந்த அறையில் இருப்பார், எந்த பீரியட் அவருக்கு ஃப்ரீ என்பதை முதல் வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை என்ற கட்டத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள். முதல் இன்டர்னல் மார்க் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.