பெரியாழ்வார் வீட்டுப் பகா எண்கள்

மதுரையில் பாண்டியன் சபை. கம்பத்தில் பொற்கிழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர், அதாவது பெரியாழ்வார், வந்து பேசினார். கிழி தானாகத் தாழ்ந்தது. இன்றைக்கு ஒரு டெண்டர் இப்படித் தாழ்ந்தால் லஞ்ச ஒழிப்புக்காரர்கள் மறுநாளே வாசலில் நிற்பார்கள். அன்றைக்கு யானை மேல் ஊர்வலம்! எதிரே வந்து நின்ற பெருமாளுக்குக் கண் பட்டுவிடுமே என்று பதறி, யானை மேலிருந்தே 12 பாட்டுப் பாடினார். அதுதான் திருப்பல்லாண்டு.

ஏன் 12? குருபரம்பரைக் கதை சொல்லாததைப் பைத்தான் நிரல் சொல்லும். எரடோஸ்தனீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் செய்துகொடுத்த சல்லடையை 500 வரை ஓட்டுங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 இவற்றின் மடங்குகளை அடித்தால் போதும். 95 பகா எண்கள் தேறும். அதில் இரண்டு தள்ளி நிற்கும் ஜோடிகளைக் கேளுங்கள். 11, 13 வரும். நடுவே சம்மணம் போட்டிருப்பது அப்பாவின் 12. மகள் ஆண்டாளின் திருப்பாவை 30. இருபுறமும் 29, 31 காவல். நாச்சியார் திருமொழி 143, அதாவது 11 பெருக்கல் 13. அப்பாவின் அக்கம்பக்கத்தாரையே பெருக்கி வைத்திருக்கிறாள் பெண்! அவள் பாடியது மொத்தம் 173. பகா எண், ஆறு முன்னால் 167, ஆறு பின்னால் 179, அவையும் பகா. பெரியாழ்வார் திருமொழி 461, ஜோடி 463. கிழிப் பணத்தில் கட்டியதாகச் சொல்லும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்கூட 11 நிலை.

பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்தப் பகா எண் பித்து கிடையாது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கினார்கள். 44 பெருக்கல் 44, மிச்சமே வராத கணக்கு.

ரொம்பப் பூரிக்கவும் வேண்டாம். 500க்குள் 95 என்றால் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. கண்ணை மூடிக் கல்லெறிந்தாலும் படும். பெரியாழ்வாரின் மொத்தக் கணக்கான 473ஓ, 11 பெருக்கல் 43 என்று உடைந்துபோகிறது. அந்த வரிக்கு முன்னால் ஒரு ‘#’ போட்டு அடைத்துவிடுவது நல்லது.

அசல் எண் வேட்டைக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் ரயில் பாதையில் தெற்கே, செங்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்த எஸ்.எஸ்.பிள்ளை. 1940இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கம்ப்யூட்டர் இல்லாமலே நிறுவினார்: அடுத்தடுத்து வரும் எண்களில் அதிகபட்சம் 16ஐ எடுத்தால், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத ஒன்றாவது நிச்சயம் இருக்கும். 17 எடுத்தால் உத்தரவாதம் இல்லை. 2184 முதல் 2200 வரை பாருங்கள். ராஜபாளையத்துக் கல்யாணப் பந்தி மாதிரி எல்லோரும் யாருக்காவது சொந்தம். 2197 தனிக்கட்டைபோல முகத்தை வைத்துக்கொண்டிருக்கும், நம்பாதீர்கள். அது 13ஐ மூன்று தடவை பெருக்கியது. பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருக்கும் 2184, அதே 13 வழியில் அதற்குத் தாய்மாமன்.