நாக் வருது, தூசி தட்டு!

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த ஏழு நாள் மட்டும் கல்லூரி நூலகங்கள் செய்தியில் வரும். குத்துவிளக்கு ஏற்றினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கண்காட்சியைத் திறந்துவைத்தார்கள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் காந்தி ரோடு நெடுக ஜரிகை தொங்குவதால் பொன்னாடைக்கு மட்டும் நமக்குப் பஞ்சமே வந்ததில்லை. ஒரு வருஷத்தில் நூலகத்துக்கு வாங்கிய புத்தகங்களை ஒரு பக்கமும், நூலகத்தின் பேரில் போர்த்திய பொன்னாடைகளை இன்னொரு பக்கமும் அடுக்கினால் எந்த அடுக்கு உயரம் என்று எந்தத் தணிக்கைக்காரரும் இதுவரை கேட்கவில்லை.

மற்ற நாட்களில் நூலகத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது நாக். தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று மன்றம் என்று முழுப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ‘நாக் வருது’ என்றால் தாளாளர் முதல் வாட்ச்மேன் வரை வியர்க்கும். புத்தகத்துக்குத் தூசி தட்டுவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், வாசலில் வாடகைப் பூந்தொட்டி வைப்பார்கள். நாக் கேட்கிற விவரங்களில் ஒன்று, கடைசியாக முடிந்த கல்வியாண்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆசிரியரும் மாணவரும் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது. நியாயமான கேள்விதான். நூலகம் நடந்தால் பதில் தானாக இருக்கும். நம்மவர்கள் நூலகத்தை நடத்தாமலே பதிலைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும். போன வருஷத்து வருகைப் பதிவேட்டை அங்கே இந்த வருஷம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் மூன்று பேனா: நீலம், கறுப்பு, கொஞ்சம் மங்கலாக எழுதுகிற இன்னொரு நீலம். ஒரே கை எழுதியது தெரிந்துவிடக் கூடாது என்று பக்கத்துக்குப் பக்கம் ஆள் மாறினார்கள். ஒருவர் பெயர் சொல்ல, இன்னொருவர் வந்த நேரம், போன நேரம் சொல்ல, மூன்றாமவர் எழுதினார். உற்சாகத்தில் விடுமுறையைக்கூட விடவில்லை. அந்தப் பதிவேட்டின்படி காணும் பொங்கலன்று நாற்பது பேர் நூலகத்துக்கு வந்து மாலை வரை படித்திருக்கிறார்கள். இப்படி ஒரு தலைமுறையைப் பெற்றெடுத்த நாட்டில் ஏன் இன்னும் நோபல் பரிசு குவியவில்லை என்பதுதான் தெரியவில்லை.

சரிபார்க்க வருகிறவர்கள் யோக்கியம் என்றாவது ஆறுதல் உண்டா? 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல கிரேடு போட்டுத்தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. ரொக்கம், தங்கம், செல்போன், லேப்டாப் என்று போகிறது குற்றச்சாட்டு. அதில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. புத்தகத்தைக் கொடுத்து இந்த நாட்டில் யாரையும் சரிக்கட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

இனி உள்ளறைக்குப் போவோம். ஒரு புத்தகம் வாசகன் கைக்கு வருவதற்கு முன் அங்கே நடப்பதை எந்த நூலக வாரத்திலும் யாரும் பேசுவதில்லை. பில்லோடு கட்டு வரும். பிரித்துச் சரிபார்த்து, பக்கம் விட்டுப்போனதைத் திருப்பி அனுப்பி, அக்சஷன் ரிஜிஸ்டரில் எண் போட்டு, முத்திரை குத்தி, என்ன பொருள் என்று படித்துப் பார்த்து வகைப்படுத்தி, கேட்லாக்கில் ஏற்றி, பார்கோடு ஒட்டி, முதுகில் லேபிள் ஒட்டி, ரேக்கில் சரியான இடத்தில் செருக வேண்டும். பிறகு ராமபாணப் பூச்சியிடமிருந்தும் கரையானிடமிருந்தும், பரீட்சைக்கு வேண்டிய அத்தியாயத்தை பிளேடால் அறுத்துக்கொண்டு போகும் புண்ணியவான்களிடமிருந்தும் அதைக் காக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்கிற வீட்டுக்குப் போனால் தெரியும், கரையின் நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். கடையில் சேலையை விரிக்கும்போது அந்த ஆளைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். நூலக உதவியாளரின் நிலையும் அதேதான். பக்கத்து ஆள் இல்லாவிட்டால் கோர்வை விழாது என்று தறிக்காரருக்காவது தெரியும். நம் நிர்வாகங்களுக்கு அந்தக் கவலையும் கிடையாது.

அதனால்தான் நிரந்தர நூலகர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி ‘பொறுப்பு’ என்ற பேரில் ஏதோ ஒரு துறைப் பேராசிரியருக்குப் போகிறது. அவர் பாவம், தன் துறை அறைச் சாவியையே தேடிக்கொண்டிருப்பவர். வேலை முழுதும் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் விழும். கோஹா என்ற நூலக மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதில் தமிழைத் தமிழிலேயே ஏற்றலாம். ஆனாலும் அவசரத்துக்கு வெளி ஏஜென்சியிடம் கொடுத்து, தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். ழகரத்துக்கு ஓரிடத்தில் எல், ஓரிடத்தில் இசட், இன்னோரிடத்தில் இசட்டும் எச்சும். ஒரே புத்தகம் மூன்று பெயரில் ஒளிந்திருக்கும். தொல்காப்பியம் தேடும் பையன் முதலில் ஏஜென்சியின் எழுத்திலக்கணத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

“அக்கா, இந்த புக் இருக்குன்னு கம்ப்யூட்டர்ல காட்டுதே?”

“காட்டும்மா. கம்ப்யூட்டர்ல எல்லாமே இருக்கும்.”

“அப்ப ரேக்ல?”

“ரேக்ல இருந்தா நீ ஏன் எங்கிட்ட வர்ற?”

அந்த அக்காவைத் திட்டிப் பயனில்லை. தொலைந்த புத்தகம் அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 என்ன சொல்கின்றன தெரியுமா? ஆயிரம் புத்தகம் புழங்கினால் வருஷத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு, நாணயக் கேடோ அலட்சியமோ இல்லாதவரை பொறுத்துக்கொள்ளலாம் என்கின்றன. நிதியமைச்சகமே இவ்வளவு பெருந்தன்மையாக இருக்க, நம் ஊர் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு மட்டும் நோ டியூ சான்றிதழில் ஒரு அகராதி குறைந்தால் தூக்கம் வராது. விளைவு, பூட்டு. எவனும் தொடாத புத்தகம் தொலையாது. புத்தகம் தொலையாத நூலகத்துக்குத் தணிக்கையில் நற்பெயர்.

இந்தப் பூட்டைத்தான் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே உடைத்தார். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். கணக்கு வாத்தியார். வந்த சில நாளிலேயே இந்த வேலை அலுப்பு, மறுபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவர் வேறு ஆளாகத் திரும்பினார். அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். புத்தகம் புழங்குவதற்கே என்பதை முதல் விதியாக வைத்து 1931-இல் ஐந்து விதிகளை வெளியிட்டார். 1933-இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையைக் கொடுத்தார். பின்னாளில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரும் சேர நூலகவியல் பேராசிரியர் இருக்கை வைக்க அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். காஞ்சிபுரத்துப் பச்சையப்பன் கல்லூரி உட்பட நம் பக்கத்துக் கல்லூரிகள் இணைவு பெற்றிருப்பது அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான். அதன் வங்கிக் கணக்குகளை, 424 கோடி ரூபாய் வரி கேட்டு, 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கிவைத்தது. நூலகர் சேமிப்பைக் கொடுத்த இடத்தில் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் திண்டாட்டம். இந்த லட்சணத்தில் புதுப் புத்தகம் வாங்கினீர்களா என்று கேட்பது மரியாதையா?

பணமே இல்லையா என்றால், இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். நம் பேராசிரியர் எழுதிக்கொடுத்ததை, இன்னொரு பேராசிரியர் காசு வாங்காமல் சரிபார்த்துக்கொடுத்ததை, நம் வரிப்பணத்தில் திரும்ப வாங்குகிறோம். போகட்டும், வாங்கியாவது படிக்கட்டும். ஆனால் தறி வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, இதில் எப்படி நுழைவது, எதைத் தேடுவது, எது குப்பை என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்கு 6,000 கோடியில் ஒரு வரி கிடையாது. தனியார் கல்லூரிப் பிள்ளைக்கு முதல் கட்டத்தில் கதவே கிடையாது.

பொது நூலகத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1948-லேயே சட்டம் போட்ட மாநிலம் நாம், சுதந்திர இந்தியாவிலேயே முதல். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. பட்டுக்கடை முதலாளியும் ஓட்டு வீட்டுக்காரரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். வசூலித்த உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் பாக்கி வைப்பது பல காலமாக நடக்கிற கூத்து. நீங்கள் இரவல் வாங்கிய புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தால் அபராதம். வருஷக்கணக்கில் வரியைக் கொடுக்காதவர்கள்தான் நூலக வாரத்துக்குத் தலைமை.

காஞ்சிபுரத்துக்கா இந்த கதி என்று கேட்கத் தோன்றும். நாலாம் நூற்றாண்டில் கர்நாடகப் பக்கத்திலிருந்து மயூரசர்மன் என்பவன் தன் குருவோடு காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலையில் படிக்க வந்தான் என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. இங்கே பல்லவக் குதிரைவீரனோடு தகராறு, அவமானம். ஏட்டை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தவன் கதம்ப அரசையே நிறுவிவிட்டான். இன்றைக்கு அவமானப்படுகிற மாணவன் அவ்வளவு தூரம் போவதில்லை. கவுன்டரிலிருந்து திரும்பி, வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். இருக்கிறதா என்று கேட்கிறான். ஆட்சியாளர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அண்ணா பிறந்த ஊர் என்று பெருமை பேசுகிறோம். அவர் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று, 2010-இல், கோட்டூர்புரத்தில் அவர் பெயரால் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். 2011 நவம்பரில் அடுத்த ஆட்சி அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று எந்தப் பாவி சொல்வான்? சென்னை மாநகரில் அதற்கு இடம் தேடியபோது டாஸ்மாக் கிடங்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, நூலகம்தான் பட்டது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் பிழைத்தது. அது எட்டூருக்குத் தெரியும் கட்டடம், வழக்குப் போட ஆள் இருந்தது. ‘பொறுப்பு’ நாற்காலியிலும் பொய்ப் பதிவேட்டிலும் சாகிற கல்லூரி நூலகத்துக்கு யார் தடையாணை வாங்குவது?

நாக் குழுவினரே, அடுத்த முறை வந்தால் ஒரு உபகாரம் செய்யுங்கள் ஐயா. வருகைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டாம், அது நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். ஏதாவது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி எடுத்து வரச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் எல்லாரும் ஓடுவதை உட்கார்ந்து பாருங்கள். பிறகு, டீத் தட்டோடு வருகிற பெண்ணை நிறுத்திப் பேசுங்கள். நூலகவியலில் முதுகலை, நெட் தேர்ச்சி. எந்த ரேக்கில் புத்தகம் இல்லை, எந்தக் கையெழுத்து யாருடையது, காணும் பொங்கலன்று சாவி யாரிடம் இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டார். அவருடைய ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் பொன்னாடையை மடித்துக்கொண்டிருக்கிறார்.