ஒரு சிரிப்புக்கு எத்தனை தொகுதி?

2024 ஜனவரி 19 மாலை. புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு டீக்கடை டிவியில், சென்னை நேரு அரங்கிலிருந்து கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுத் தொடக்க விழா ஓடிக்கொண்டிருந்தது. பிரதமர் மோடியும் முதல்வர் ஸ்டாலினும் ஒரே மேடையில். அவ்வளவுதான், அரசியல் விமர்சகர்களுக்குச் சாமி வந்துவிட்டது. யார் முதலில் சிரித்தார்? அந்தச் சிரிப்புக்கு எத்தனை தொகுதி? போட்டியின் சின்னமான வேலு நாச்சியாரிடம் எந்தக் கூட்டணி என்று கேட்காததுதான் பாக்கி. சிலம்பம் காட்சிப் போட்டியாகச் சேர்ந்ததைப் பற்றி மூச்சில்லை.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் கடைக்காரரைக் கேட்டார்: "ஏம்ப்பா, இதுல ஓடப்போறது யாரு?"

விளம்பர இடைவேளை வந்துவிட்டது.

ஜனவரி 31இல் போட்டி முடிந்தபோது தமிழ்நாடு 38 தங்கத்துடன் இரண்டாமிடம்.