அந்தச் சத்தம் கேட்குதா சார்?

புது கார் வாங்கியவர் நமக்கு ஸ்வீட் கொடுப்பார். பழைய ஜீப் வாங்கியவர் சத்தம் கொடுப்பார். “சார், ஒரு நிமிஷம் கீழ வாங்களேன்” என்று கூப்பிடுகிற தொனியிலேயே தெரிந்துவிடும், இன்று நம் காதுக்கு வேலை இருக்கிறது என்று. கையில் பால் பாக்கெட் இருக்கிறது, அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. பானெட் திறந்திருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியை நம் காதில் வைத்து அழுத்துவார். “கேட்குதா?”

ஒவ்வொரு குடியிருப்பிலும் இப்படி ஒருவர் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பையன் படிக்க வெளிநாடு போயிருப்பான். பி.எஃப். பணத்தில் கொஞ்சத்தை மனைவியிடம் சொல்லாமல் எடுத்து, ராணுவம் கழித்துவிட்ட ஜிப்ஸி ஒன்றை வாங்கியிருப்பார். வேளச்சேரியில், எங்கள் பிளாக்கில், முதல் மாடியில், லிஃப்டை ஒட்டிய வீட்டில் இருப்பார். பொதுவாகச் சொல்கிறேன். யாரையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதவில்லை.

வண்டியின் வம்சாவளி இவர்களுக்கு மனப்பாடம். 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்தது, 1996-ல் 1300 சிசி ஆகி ‘கிங்’ பட்டம் பெற்றது, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், அடியில் லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸிஸ் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். 2023-ல் அதன் வாரிசாக ஜிம்னி வந்ததே, அதை வாங்கியிருக்கலாமே என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். “அதுல என்ன சார் இருக்கு? சத்தமே வராது!”

பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாக எல்லா ஆயிலையும் மாற்ற வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், நான்கு சக்கர இழுவைக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், பின்னால் ஒன்று என ஐந்து இடம். நல்ல விஷயம்தான். ஆனால் இறக்கிய ஆயிலை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வீடு வீடாக எடுத்துவர வேண்டியதில்லை. “வெளுத்திருந்தா தண்ணி போயிருக்குன்னு அர்த்தம் சார். பாருங்க, வெளுக்கல” என்று சாப்பாட்டு மேஜைமேல் வைப்பார். பிறகு பாட்டிலுக்கு வெளியே ஒரு காந்தத்தை ஒட்டி இரும்புத் தூளை மேலே இழுத்துக் காட்டுவார். என் மாமியார் அன்று ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் ஓரிரு வாரத்தில் முடிகிற வேலை. சத்தம் முடியாது.

தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை என்பது இவர்களுக்குக் கிடைத்த வரம், நமக்கு வாய்த்த சாபம். ‘கடகட’ வேறு, ‘கடக் கடக்’ வேறு. முதலாவது சைலன்சர் கிளாம்ப் தளர்ந்தது. இரண்டாவது எஞ்சின் மவுண்டிங். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ‘ங்ஙொய்’ என்றால் டிஃபரன்ஷியலில் கிரவுன்–பினியன். வேகம் ஏற ஏற ‘ஊ…ம்’ என்று ஏறினால் வீல் பேரிங். பள்ளத்தில் இறங்கும்போது ‘கீச்’ என்றால் பட்டையின் புஷ். இத்தனையையும் அவர் வாயாலேயே செய்து காட்டுவார். ஒரு நாள் மாடிப்படியில் நின்று டிஃபரன்ஷியல் செய்துகொண்டிருந்தபோது, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த இரண்டாம் மாடிப் பெண்மணி அவரை இன்னொரு முறை செய்யச் சொன்னார். குழந்தை வாயைத் திறந்ததாம்.

அவர் வண்டியில் ஏறிவிட்டால் நீங்கள் பயணி அல்ல, கருவி. “ஸ்டேஷன்ல டிராப் பண்றேன், ஏறுங்க” என்பார். பறக்கும் ரயில் நிலையம் எங்களுக்கு நடக்கிற தூரம். ஆனால் அந்தச் சத்தம் நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் மட்டும்தான் வருகிறது. காலை நேரத்து வேளச்சேரியில் இருபதைத் தொட்டாலே பெரிய காரியம். எனவே வண்டி ஸ்டேஷனுக்கு எதிர்த்திசையில், பள்ளிக்கரணை வழியாக, துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுக்குப் போகும். “ரெண்டே நிமிஷம் சார், கொஞ்சம் வேகம் எடுக்கணும்.” ரேடியோவை அணைப்பார். நம்மைப் பின்சீட்டுக்கு மாறச் சொல்வார், டிஃபரன்ஷியல் அங்கேதான் காலுக்கடியில் இருக்கிறது. பேசக்கூடாது. மார்கழி சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தம்புரா சுருதியில் பிசகு தேடும் மாமாவைப்போல ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொள்வார். ஓட்டுகிறவர் அவர்தான் என்பதை நினைத்தால் நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

“இப்ப… இப்ப… கேட்டுச்சா?”

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. கேட்கவில்லை என்றால் யூ டர்ன் போட்டு இன்னொரு முறை. கேட்டது என்றால் “முன்னாடியா, பின்னாடியா?” முன்னாடி என்றால் “இல்லையே, எனக்குப் பின்னாடி கேட்குதே” என்று மறுபடியும் யூ டர்ன். பின்னாடி என்றால் “இடமா, வலமா?” என்று ஆரம்பிப்பார். அனுபவஸ்தன் என்ற முறையில் ஒன்று சொல்லிவைக்கிறேன். “நீங்க சொன்ன அதே இடம்தான்” என்று சொல்லிவிடுங்கள். அவர் இன்னும் எந்த இடத்தையும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் உடனே சந்தோஷப்பட்டு வண்டியை ஸ்டேஷன் பக்கம் திருப்புவார்.

மெக்கானிக் பாயிடம் போனால் சத்தம் வராது. வரவே வராது. பாய் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, “இன்னா சார், வண்டி பட்டு மாரி போவுது” என்று சாவியைக் கொடுத்துவிடுவார். இதற்காகத்தான் இவர் செல்போனில் பதிவுசெய்ய ஆரம்பித்தார். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, குப்பை வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு குரல் பதிவு வந்து விழும். திறந்தால் கொஞ்ச நேரம் இரைச்சல், பிறகு ‘டொக்’, பிறகு தூரத்தில் அவர் மனைவி: “சாப்பிட வர்றீங்களா, இல்ல நான் மூடி வைக்கட்டுமா?” கீழே அவர் எழுதியிருப்பார்: “நிபுணர்கள் கருத்து சொல்லவும்.” நாங்கள் யாரும் நிபுணர்கள் இல்லை. செயலாளர் மட்டும் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைப் போடுவார்.

அந்த ‘டொக்’குக்காக அவர் உதிரிபாகம் தேடிப் புதுப்பேட்டைக்கு அலைந்த அலைச்சலைச் சொன்னால் கல்லும் கரையும். வண்டி கிளம்பும்போது ஒரு டொக், பிரேக் போட்டால் ஒரு டொக். எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் கிராஸ்தான். கிராஸை மாற்றினார். டொக். மவுண்டிங் ரப்பரை மாற்றினார். டொக். பட்டை புஷ் எல்லாவற்றையும் மாற்றி, கிரீஸ் கன்னால் ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் அடித்து, சட்டை முழுக்கப் பூசிக்கொண்டு வந்தார். டொக். கடைசியில் அவர் மனைவி பின்சீட்டைப் பெருக்கும்போது, அடியிலிருந்து காய்ந்து இறுகிப்போன எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தார். வண்டி வாங்கிய அன்று பிள்ளையார் கோயிலில் பூசைபோட்டு டாஷ்போர்டில் வைத்தது. கிளம்பினால் பின்னால் உருண்டு இடிக்கும், பிரேக் போட்டால் முன்னால் உருண்டு இடிக்கும். அந்த அம்மாள் அதை அவர் முன்னால் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். அவரும் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை கீழேயிருந்து குரல் வந்தது. “சார், இது வேற சத்தம்!”

போன வருஷம் குடும்பத்தோடு கொழுக்குமலைக்குப் போனார். வாடகை ஜீப்பில்தான். சொந்த ஜீப் அப்போது முன் ஆக்ஸிலைக் கழற்றிவைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. சூரியநெல்லியில் ஏறிய பழைய மஹிந்திராவில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போட்டன. பாறைமேல் ஏறும்போதெல்லாம் இவர் டிரைவரின் தோளைத் தட்டி, “அண்ணே, அது கேட்குதா?” என்றிருக்கிறார். கடைசியில் அந்த மனிதர் சொன்னாராம்: “சத்தம் வந்தாப் பயமில்ல சார். நின்னாத்தான் பயம். ஏதோ கழண்டு விழுந்துருச்சுன்னு அர்த்தம்.” தினமும் விடியற்காலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கல் பாதையில் போய்வருகிறவர் அவர். இவர் இதைத் தத்துவமாக எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, சத்தம் நின்றால் அதற்கும் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு டயர் வந்தது. சேற்றுக்கென்றே செய்த, கட்டை கட்டையாகப் பல் வைத்த 31 அங்குல டயர். அது உள்ளே நுழைவதற்காக வண்டியை இரண்டங்குலம் தூக்கினார்கள். விளைவு, மீட்டரில் அறுபது என்றால் வண்டி எழுபதில் போகும். இழுவை குறையும். பிரேக் பிடிக்க நேரமெடுக்கும். இவற்றையெல்லாம் அவர் முகம் மலர ஏற்றுக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ஒன்றுதான். அந்தப் பற்கள் தார் ரோட்டில் போடும் இரைச்சலில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தேய்ந்த பேரிங்கும் இதே மாதிரிதான் ஊளையிடும் என்பதால், டயருக்குள் பேரிங் ஒளிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் அவரை அரித்தது. வளைத்து வளைத்து ஓட்டினால் பேரிங் ஊளை மாறும், டயர் ஊளை அவ்வளவாக மாறாது. ராத்திரி ரேடியல் ரோட்டில் வளைத்து வளைத்து ஓட்டினார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. ஊதிவிட்டு, “நீங்களே பின்னாடி ஏறிக் கேட்டுப் பாருங்க சார்” என்றிருக்கிறார். காவலர் ஏறி உட்கார்ந்து கேட்டார் என்றும், இடது பின்சக்கரம் என்று சொன்னார் என்றும் இவர் சத்தியம் செய்கிறார்.

மற்றபடி வின்ச், எல்இடி விளக்கு வரிசை, இரும்பு பம்பர் எல்லாம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பம்பருக்கு முன்னால் மாட்டுகிற கம்பித் தடுப்புகளைக் கழற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், இரண்டும் அவருக்குத் தெரியும். “போல்ட்டுதான் சார், வெல்டிங் இல்ல” என்பார். எஃப்.சி. காட்டுகிற நாளில் வண்டி எல்லா நகையையும் கழற்றிவிட்டுப் பழைய டயர் மாட்டி, பரம சாதுவாக ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனபோது நாங்கள் கொஞ்சம் நம்பிக்கை வைத்தோம். மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டார்.

ஸ்னார்க்கலைச் சொல்லாமல் விட்டால் பாவம். எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றுவது, வெள்ளத்தில் போனாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியை மூழ்கடித்த பிறகு அதை மாட்டினார். “அடுத்த மழைக்கு நம்ம பிளாக்குக்கே பால் இந்த வண்டியிலதான்” என்று வாக்குக் கொடுத்தார். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தது. ஊரே காரை எடுத்துக்கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், இன்னோவா என்று நின்ற அந்த வரிசையில் தலைக்குமேல் குழாயோடு ஒரு வண்டி நின்றது. “புது ஆயில் ஊத்தியிருக்கேன் சார். டிஃபரன்ஷியல் பிரீதர் வழியா தண்ணி போயிடும்” என்றார். பால் நாங்களே போய் வாங்கினோம்.

ஆனாலும் மனிதரை ஒரேயடியாக வெறுக்க முடியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு யார் வண்டி பேட்டரி இறங்கி நின்றாலும் லுங்கியோடு ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு முதலில் வருகிறவர் அவர்தான். காபிகூட வாங்க மாட்டார். பல வருஷமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்த எங்கள் கேட், லிஃப்ட் கதவு, மாடி அறைக் கதவு எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்து வாயை மூடவைத்தது அவருடைய கிரீஸ் கன்தான். எங்கள் குடியிருப்பில் இப்போது சத்தம் போடுகிற பொருள் அவர் வண்டி ஒன்றுதான்.

இந்த இடத்தில் பொதுவாகப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன். சார், அந்தப் பழைய டயர் அஞ்சையும் மாடிப்படிக்குக் கீழேயிருந்து எடுங்கள். அடுத்த எஃப்.சி.க்கு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் சாரல் அடித்து அவற்றில் தண்ணீர் நிற்கிறது. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், மாநகராட்சிக்காரர்கள் வந்து பார்த்தால் அபராதம் உங்களுக்கல்ல, சங்கத்துக்கு. தரைத்தளத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மூன்று கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது. மூன்று முறையும் நீங்கள் கூட்டத்தின் நடுவில் எழுந்து, ஜெனரேட்டரில் ஏதோ சத்தம் வருகிறது என்று வெளியே போய்விட்டீர்கள். வைக்க வேறு இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மேம்பாலம் இருக்கிறது.