இடம் மாறிய இணையதளம், இடம் மாறாத ‘நியூ’

நெல்லிவாசல்நாடு ஜவ்வாது மலையில் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. முகவரிதான் சும்மா இருக்கவில்லை. வட ஆர்க்காடு மாவட்டம் என்றார்கள், வேலூர் மாவட்டம் என்றார்கள், 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டம். பல்கலைக்கழக இணையதளங்களின் சமாச்சாரம் இதற்கு நேரெதிர். சர்வர், மென்பொருள், நிறம் எல்லாம் மாறும்; உள்ளே அதே பழைய சரக்கு. பொங்கலுக்கு முந்தின நாள் போகி கொண்டாடுகிற ஊரில், தளம் மாற்றும்போது மட்டும் யாரும் எதையும் கழிப்பதில்லை.

தளம் மாற்றும் வேலை வழக்கமாகக் கணினித் துறையின் இளைய உதவிப் பேராசிரியர் தலையில் விழும். ‘வெப்சைட் இன்சார்ஜ்’ என்பது அவருக்குச் சம்பளமில்லாத பட்டம். துறை துறையாக ஏறி இறங்குவார்.

“சார், இந்த 2014 சர்க்குலரை எடுத்திடலாமா?”

“இருக்கட்டும்பா. தர மதிப்பீட்டுக்கு நாக் கமிட்டி வந்தா கேட்பாங்க.”

சர்க்குலர் தப்பித்துவிடும். பக்கத்தில் சிவப்பாக மினுக்கும் ‘நியூ’வும் சேர்ந்தே தப்பித்துவிடும்.

தமிழ்ப் பக்கங்களின் பாடு தனி. பாமினி எழுத்துருவில் தட்டிய ‘அம்மா’, கணினியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத புதுத் தளத்தில் அப்படியே வந்து நிற்கும். பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. மாற்றித் தரும் மென்பொருளும் இருக்கிறது. ஆனாலும் அச்சடித்து, முத்திரை குத்தி, கோணலாக ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றுவதில்தான் பலருக்குத் திருப்தி. அது வெறும் படம். அதில் ‘கட்டணம்’ என்று தேடினால் சிக்காது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் வாய் திறக்காது.

2010இல் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரேண்டல் மன்றோ இரண்டு வட்டம் வரைந்தார். ஒன்றில் பல்கலைக்கழக முகப்பில் இருப்பவை, மற்றதில் மக்கள் தேடி வருபவை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர்.

ஜவ்வாது மலையிலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் பழங்குடி மாணவி தேடுவது நாலே விஷயம்: கட்டணம், விடுதி, கடைசித் தேதி, உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ். எந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு என்ற பட்டியலும் சரியாக இருக்க வேண்டும். 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இருந்த விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள், 2021 சட்டத்திருத்தத்துக்குப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தன. இதைத் திருத்தாத பட்டியல் எங்கே இருந்தாலும், பிள்ளைகளை வேறு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

பிரிட்டன் அரசு 2012இல் தன் தளங்களை ஒன்றாக்கியபோது, “இது யாருக்குத் தேவை?” என்று கேட்டுவிட்டுத்தான் பக்கங்களை ஏற்றியது. இங்கேயும் அது முடியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர், கடைசியாகத் திருத்திய தேதி. இரண்டும் இல்லாததை ஏற்ற வேண்டாம். கட்டணமும் கடைசித் தேதியும் முகப்பில், எழுத்தாகவே இருக்கட்டும். துணைவேந்தர் படம் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் இன்சார்ஜைத்தான் மாற்றுவார். அந்தப் பதவியைக் கேட்டு இதுவரை யாரும் சிபாரிசு பிடித்ததில்லை.