சமநோக்கு நாள் மனிதர்

காலையில் எழுந்ததும் அவர் முதலில் போய் நிற்பது தினசரி காலண்டர் முன்னால்தான். நேற்றைய தாளைக் கிழிக்கும்போது, தவணைக் கடனில் ஒன்றை அடைத்துவிட்டவரைப்போல முகத்தில் ஒரு தெளிவு வரும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுத் தாளைப் படிப்பார். ராகு காலம், எமகண்டமெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். முதலில் பார்ப்பது, இன்று மேல்நோக்கு நாளா, கீழ்நோக்கு நாளா, சமநோக்கு நாளா என்று. மேல்நோக்கு நாளில் வீடு கட்டலாம், மரம் நடலாம். கீழ்நோக்கு நாளில் கிணறு வெட்டலாம், கிழங்கு போடலாம். சமநோக்கு நாளுக்கும் வண்டி வாங்குவது, சாலை போடுவது என்று பஞ்சாங்கம் வேலை வைத்திருக்கிறது. அதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் நாள் நேராகப் போனால் போதும் என்பதுதான் அவர் கண்ட அர்த்தம். 27 நட்சத்திரங்களில் 9 நட்சத்திரங்களுக்குத்தான் இந்தப் பெருமை என்பதில் மனிதருக்குத் தீராத குறை.

அடியில் ராசிபலன் இருக்கும், ராசிக்கு ஒரு சொல்லாக. ‘புகழ்’ என்று போட்டிருந்தால் கலவரமாகிவிடுவார். “எவனாவது மாலையைத் தூக்கிக்கிட்டு வரப்போறான். கதவைச் சாத்தி வை” என்பார். ‘பயணம்’ என்றிருந்தால் அன்றைக்கு முனைக்கடைக்குப் போவதுகூடச் சந்தேகம். சந்திராஷ்டமத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. மகள் பெங்களூரில், மகன் சிங்கப்பூரில் என்றாலும் சந்திரன் விலாசம் பார்த்தா வருகிறான்? குடும்பத்தில் நாலு பேர், நாலு ராசி. ஆளுக்கு மாதம் இரண்டேகால் நாள். மொத்தம் 9 நாள் அதிலேயே போய்விடுகிறது.

இந்த ரகத்து மனிதர் தெருவுக்கு ஒருவராவது உண்டு. குரோம்பேட்டையில் பார்த்திருக்கிறேன், ஸ்ரீரங்கத்திலும் பாளையங்கோட்டையிலும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். நாற்பதிலேயே இந்தப் பக்குவத்துக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களைப் பெற்றவர்கள் “பையன் கொஞ்சம் மந்தம்” என்று சொல்லிக்கொள்வார்கள். எங்கள் தெருவில் இருப்பவரை உத்தேசித்துத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், உங்கள் தெருக்காரருக்கும் சட்டை பொருந்தும்.

ராத்திரி படுக்கப் போகுமுன் அவர் செய்வது கிட்டத்தட்ட பிரார்த்தனை.

“கரண்ட் போகலை.”

“ம்.”

“மோட்டார் காத்து வாங்கலை. யாரும் வழுக்கி விழலை. பத்திரிகை வைக்க யாரும் வரலை.”

“வரலை. லைட்டை அணைங்க.”

“உன் தம்பி போன் பண்ணலை.”

இந்தக் கடைசி வரியில் குரல் தழுதழுக்கும். காரணம் இருக்கிறது. மச்சினர் இவருக்கு நேர் எதிர் ரகம். அவர் ஏறிய பஸ் மட்டும்தான் பஞ்சராகும். அவர் போகும் கல்யாணத்தில்தான் சம்பந்திகள் முறைத்துக்கொள்வார்கள். “அத்தான், விஷயம் தெரியுமா?” என்று அவர் ஆரம்பித்தால் நம்மவர் விரல் தானாக மணிக்கட்டில் நாடியைத் தேடும்.

ஆனால் இந்தச் சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. ஒருமுறை மனைவி, “நாலு நாளா வீடு நிம்மதியா இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டார். மனிதர் பதறி எழுந்து, உப்பும் மிளகாயும் எடுத்துவரச் சொல்லி இருவருக்குமாகத் திருஷ்டி சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து “என்ன ஆச்சு சார்?” என்று கேட்க, அன்றைய நாள் அதோடு கெட்டது.

இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தந்தி என்றாலே சாவு என்று வளர்ந்த தலைமுறை அது. சைக்கிள் மணியோடு தந்திக்காரர் தெருவில் திரும்பினால், உறையைப் பிரிக்கும் முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்; பிரித்தால் வேலைக்கு உத்தரவு வந்திருக்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது, ஞாபகார்த்தமாகக் கடைசித் தந்தி அடிக்க ஊரூராக வரிசையில் நின்றார்கள். நம்மவர் வீட்டில் அன்று பாயசம். ஆனால் வரிசையில் நின்றவர்களில் மச்சினரும் ஒருவர். மறுநாள் வாசலில் தந்தி வந்து நின்றது. இவர் தொடவில்லை. மனைவிதான் பிரித்தார். ‘இங்கு அனைவரும் நலம்.’ “நலம்னு சொல்றதுக்கு எவனாவது தந்தி அடிப்பானா?” என்று அந்த வாரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவ அறிக்கைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் படாடோபம் உண்டு. ‘எல்லாம் நார்மல்’ என்று வந்துவிட்டால் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் காட்டிய காலத்து மிடுக்கோடு தெருவில் காட்டுவார். ஒருமுறை நல்லபடியாக வந்த ஈசிஜி தாளை லேமினேட் செய்யக் கொடுத்தார். அது சூடு பட்டால் கறுக்கும் காகிதம். இயந்திரத்துக்குள் வெள்ளையாகப் போன இருதயம் மறுபக்கம் கன்னங்கரேலென்று வெளியே வந்தது. அதைப் பார்த்ததில் ஏறிய ரத்த அழுத்தத்துக்கு மறுபடி டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. இப்போதெல்லாம் முதலில் ஜெராக்ஸ், பிறகுதான் லேமினேஷன்.

சாயங்காலம் மகளோடு பேசும் பேச்சைக் கேட்க வேண்டும்.

“சாப்பிட்டியாம்மா?”

“ஆச்சுப்பா. நீங்க?”

“ஆச்சு. என்ன குழம்பு?”

“வத்தக்குழம்பு.”

“இங்க மோர்க்குழம்பு. அங்க மழை உண்டா?”

“இல்லப்பா.”

“சரி, வெச்சுடட்டா?”

அப்பா மனம்விட்டுப் பேசுவதே இல்லை என்று மகளுக்கு வருத்தம். ஒருநாள் அவள் கொஞ்சம் நீட்டி, “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். இவர் போனை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். விஷயம் ஒன்றுமில்லை, அவளுக்குச் சம்பள உயர்வு.

இத்தனைக்கும் மனிதர் டைரி எழுதுகிறவர். பாங்கில் கொடுக்கும் தடித்த டைரி. பக்கத்துக்கு ஒரே சொல்: ‘வழக்கம்போல்.’ எப்போதாவது பக்கத்தில் ‘கீரை’ என்றிருக்கும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் பற்றி ஒருநாள் சொன்னேன். பிரெஞ்சு கவர்னர் துப்ளேயின் துபாஷ், கப்பல், யுத்தம், முற்றுகை என்று அடுக்கினேன். கேட்டுவிட்டு, “பாவம், 25 வருஷம் ஒரு நாளாவது மத்தியானம் நிம்மதியாத் தூங்கியிருப்பாரா?” என்றார்.

அவருடைய பொற்காலம் வேறு. 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. லண்டனில் பிபிசி வானொலியில் செய்தி நேரம் வந்தது. இன்று செய்தி எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டுப் பியானோ வாசித்தார்கள். எங்கோ படித்த இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் மூடிக்கொள்ளும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “சார், அன்னைக்கு ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துகிட்டிருந்தாங்க. அன்னைக்கு ராத்திரிதான் சிட்டகாங்கில ஆயுதக் கிடங்கைத் தாக்கினாங்க” என்றேன். “உங்களுக்கு மச்சினர் யாராவது உண்டா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

செய்தி இல்லை என்று அறிவித்த அந்த நாளின் கதைதான் அவர் வீட்டிலும் என்பது எதிர்வீட்டுக்காரனான எனக்குத் தெரியும். விடியற்காலையில் ஓட்டைப் பால் பாக்கெட்டைக் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றுவதும், எரிகிற சிலிண்டர் தீருமுன் அடுத்ததற்குப் பதிவு செய்வதும், தொட்டி நிரம்பும் சத்தத்தைத் தூக்கத்திலேயே கேட்டு எழுந்து மோட்டாரை நிறுத்துவதும், “பத்திரிகை வைக்கச் சாயங்காலம் வரோம்” என்றவர்களிடம் வாசலிலேயே பேசி வாங்கிக்கொண்டு அனுப்புவதும் அந்த அம்மாள்தான். தம்பியின் போனைக்கூட மத்தியானமே, இவர் தூங்கும் நேரத்தில், தானே கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார். இவர் எழுந்து காபி குடித்துவிட்டு டைரியைத் திறந்து ‘வழக்கம்போல்’ என்று எழுதுவார். கடவுள் நல்லபடியாக நடத்துகிறார் என்று நம்புகிறார். எந்தக் கடவுள் என்று விசாரித்ததில்லை.

போன மாதம் திண்டுக்கல்லில் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. அம்மாள் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்தார். அந்த மூன்று நாள் டைரியை அவரே என்னிடம் காட்டினார். பக்கம் போதாமல் ஓரங்களிலும் எழுதியிருந்தது.

‘புதன். 6.05 பால் பொங்கியது. 6.20 துடைத்தேன். 6.40 மீதிப் பாலும் பொங்கியது. 7.30 மோட்டார் போட்டேன். 8.50 மோட்டார் போட்டது ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுக் கோலம் அழிந்தது. மன்னிப்புக் கேட்டேன். வெளியே வைத்த மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. மச்சினர் போன், 40 நிமிடம்.

வியாழன். குக்கரில் விசில் வரவில்லை. நாலு பக்கமும் ஆவி. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பருப்பு கல்லாகவே இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்தது.

வெள்ளி. சிலிண்டர் மாற்ற எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மறுபடி குக்கர். மறுபடி ஆவி. இது ரிப்பேர். புதிது வாங்க வேண்டும்.’

அம்மாள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தாராம். வெள்ளிக்கிழமை வரிக்கு வந்ததும், ஃப்ரீசரைத் திறந்து உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தார். 

“தளர்ந்து போச்சு, இறுகட்டும்னு நான்தான் இதுக்குள்ள வெச்சேன். இது இல்லாமலா ரெண்டு நாளா குக்கர் வெச்சீங்க?”

“என்னது அது?”

“காஸ்கெட்டுங்க.”

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷத்துக் குடித்தனத்தில் முதல் அறிமுகம். பிறகு டைரியில் வெள்ளிக்கிழமைக்கு அடியில், கிடைத்த சந்தில், பொடி எழுத்தில் சேர்த்தார்: ‘குக்கருக்குக் காஸ்கெட் என்று ஒன்று உண்டு.’